ஆசிரியர் பயிற்சிக்கும் பள்ளி உளவியலுக்கும் பல்கலைக்கழகப் படிப்பைத் தேர்ந்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களையும் பள்ளி உளவியலாளர்களையும் ஒரே கல்வியியல் புலம்தான் உருவாக்குகிறது. ஒரே கட்டடத்தில் நடந்தாலும் இரண்டு படிப்புகளிலும் சேரும் வழி, படிக்கும் காலம், பெற வேண்டிய உரிமம், பின்னர் அமையும் வேலை ஆகிய அனைத்தும் வெவ்வேறானவை. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்கி, பாடப்பட்டியலைப் புரட்டி, கட்டணத்தைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள். இந்த வழிகாட்டி அதற்கு எதிர்த்திசையில் செல்கிறது: எந்த வேலை, அதற்கு எந்த உரிமம், அந்த உரிமத்துக்கு எந்தப் படிப்பு, அந்தப் படிப்பில் பள்ளிக்குள் கிடைக்கும் பயிற்சி எத்தகையது என்பதே இதன் வரிசை. கடைசிக் கேள்விக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இரு தொழில்களிலும் ஒருவரை வேலைக்குத் தகுதியானவராக ஆக்குவதில் பெரும்பங்கு அதற்கே உண்டு.

படி 1: இரண்டில் எந்த வேலை என்பதை முடிவு செய்யுங்கள்

"குழந்தைகளைப் பிடிக்கும்" என்பது இரண்டு தொழில்களுக்கும் பொதுவான காரணம் என்பதால், அது தேர்வுக்கு உதவாது. ஆசிரியரின் நாள் ஒரு முழு வகுப்பைச் சுற்றி அமைகிறது. ஒரே நேரத்தில் பலரின் கவனத்தைப் பிடித்து வைத்திருப்பதும், ஒரு கருத்தை நான்கு விதமாக விளக்குவதும், யாருக்குப் புரியவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே கணிப்பதும், மறுநாளைக்கான பாடக்குறிப்பை அன்றிரவே திருத்துவதும் அந்த வேலையின் உள்ளடக்கம்.

பள்ளி உளவியலாளரின் நாள் பெரும்பாலும் தனி மாணவர்களைச் சுற்றி அமைகிறது. ஒரு மாணவர் வாசிப்பில் பின்தங்குவதற்கு என்ன காரணம் என்று ஆராய்வது, வகுப்பில் அமர்ந்து அவருடைய நடத்தையைக் கவனித்துப் பதிவு செய்வது, சோதனைகளை நடத்துவது, அவற்றின் முடிவுகளைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் அறிக்கையாக எழுதுவது, ஆசிரியருடன் அமர்ந்து ஒரு திட்டம் வகுப்பது என அது செல்லும். அறிக்கை எழுதுவதும் கூட்டங்களில் பேசுவதும் பலர் எதிர்பார்ப்பதைவிட அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஒருவரே பல பள்ளிகளுக்குச் சென்று வருவதும் சாதாரணம். எழுத்து வேலையில் சலிப்புக் கொள்பவர் இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

இந்தத் தொழில் பிறந்த விதமும் அதன் இயல்பைக் காட்டும். 1896இல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் மருத்துவகம் ஒன்றைத் தொடங்கியபோது, அவரிடம் முதலில் அழைத்துவரப்பட்டவர்களுள் ஒருவன் எழுத்துக்கூட்டுவதில் தடுமாறிய ஒரு பள்ளிச் சிறுவன். 1913இல் லண்டன் நகராட்சி மன்றம் சிரில் பர்ட்டை உளவியலாளராக நியமித்தது. 1915இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்னால்ட் கெசல் 'பள்ளி உளவியலாளர்' என்ற பதவிப் பெயருடன் பணியில் அமர்ந்தார். எல்லோருக்குமான வகுப்பறை சில குழந்தைகளுக்கு ஏன் பயன்படவில்லை என்ற கேள்வியிலிருந்தே இத்தொழில் தொடங்கியது. இன்றும் அதன் அன்றாட வேலை அந்தக் கேள்விதான்.

இவ்விரண்டுக்கும் அருகில் வேறு தொழில்களும் உள்ளன. பள்ளி ஆலோசகர் மாணவர்களின் படிப்புத் தேர்வு, மனநலம், எதிர்காலத் திட்டம் ஆகியவற்றில் துணை நிற்பவர். சிறப்புக் கல்வி ஆசிரியர் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கு நேரடியாகக் கற்பிப்பவர். மருத்துவ உளவியலாளரின் களம் பெரும்பாலும் மருத்துவமனையும் சிகிச்சை நிலையமும் ஆகும். பள்ளி உளவியல் படிப்பில் சேர்ந்த பிறகு, தாம் விரும்பியது உண்மையில் ஆலோசகர் வேலையைத்தான் என்று உணர்பவர்கள் உண்டு. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பள்ளியில் அனுமதி பெற்று, அந்தந்தப் பணியில் இருப்பவர்களுடன் சில நாட்கள் உடனிருந்து பாருங்கள். எந்தக் கையேடும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

படி 2: உரிமத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

படிப்பை முடிப்பது வேறு, பணி செய்ய உரிமம் பெறுவது வேறு. 'கல்வியியல்' என்றும் 'கல்வி உளவியல்' என்றும் பெயர் தாங்கிய பல பட்டங்கள் ஆய்வுக்கோ கொள்கைப் பணிக்கோ தயார்ப்படுத்துபவை. அவற்றை முடித்தவர் வகுப்பறையில் நின்று கற்பிக்கவோ மாணவரை மதிப்பிடவோ தகுதி பெறுவதில்லை. குறிப்பாகக் கல்வி உளவியல் என்ற பெயர் நாட்டுக்கு நாடு பொருள் மாறுகிறது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் கற்றல் பற்றிய ஆய்வுத்துறை. இங்கிலாந்தில் அதே பெயர் பள்ளிகளில் பணியாற்றும் உளவியலாளரைக் குறிக்கிறது.

எனவே எங்கே பணியாற்ற விரும்புகிறீர்களோ அந்த நாட்டின் அல்லது மாநிலத்தின் உரிம அமைப்பு என்ன கேட்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். இடத்துக்கு இடம் வேறுபாடு மிகப் பெரிது. பின்லாந்தில் 1970களின் இறுதியிலிருந்து தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியரும் முதுகலைப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாக நீண்டது. அதனுடன் ஆசிரியர் தகுதித் தேர்வும் பல பணியிடங்களுக்குத் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் உரிமம் வழங்குவது மாநிலங்களின் அதிகாரம். ஒரு மாநிலத்தில் பெற்ற உரிமம் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது.

பள்ளி உளவியலிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடைப்பட்ட நிபுணர் நிலைப் படிப்பு போதுமானது. பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் அதற்கு வகுத்துள்ள அளவு, பட்டப்படிப்புக்குப் பின் குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட்களும் 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் ஆகும். அந்த மணிகளில் குறைந்தது 600 பள்ளியில் கழிய வேண்டும். இங்கிலாந்தில் 2006 முதல் மூன்றாண்டு முனைவர் பட்டமே பணிக்கான பாதையாக உள்ளது. பதிவு பெறாதவர் 'கல்வி உளவியலாளர்' என்ற பதவிப் பெயரைப் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்கிறது.

தொலைநிலையிலோ இணையவழியிலோ படிக்க நினைப்பவர்கள் இந்தப் படியில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தின் உரிமத்துக்குப் பொருந்தும் படிப்பு, நீங்கள் வாழும் இடத்தின் உரிமத்துக்குப் பொருந்தாமல் போகலாம். "உங்கள் படிப்பை முடித்தவர் இன்ன இடத்தில் இன்ன உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாமா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். தொலைபேசியில் சொல்லப்படும் "ஆமாம், பிரச்சினை இருக்காது" என்ற பதிலை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

படி 3: அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்

இது விரைவில் முடிந்துவிடும் வேலை. பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரமும் குறிப்பிட்ட படிப்புக்கான அங்கீகாரமும் தனித்தனியானவை. இரண்டையும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளை மதிப்பிடும் அமைப்புகளுள் ஒன்று, முன்பிருந்த இரு அமைப்புகள் இணைந்து 2013இல் செயல்படத் தொடங்கிய கேப் (CAEP). பள்ளி உளவியலில் நிபுணர் நிலைப் படிப்புகளை மேலே சொன்ன தேசியச் சங்கமும், முனைவர் படிப்புகளை அமெரிக்க உளவியல் சங்கமும் மதிப்பிடுகின்றன. பல்கலைக்கழகம் தன் பக்கத்தில் சொல்வதை மட்டும் படிக்காமல், அங்கீகாரம் அளிக்கும் அமைப்பின் பட்டியலிலேயே அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். 'விண்ணப்பித்துள்ளோம்' என்பதும் 'பெற்றுள்ளோம்' என்பதும் ஒன்றல்ல.

படி 4: பாடப்பட்டியலை எப்படி வாசிப்பது

எல்லாப் பாடப்பட்டியல்களும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது இருக்கிறது என்பதோடு, எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்கப் பழகினால் வேறுபாடு தெரியும்.

ஆசிரியர் படிப்பில் முதலில் தேட வேண்டியது, நீங்கள் கற்பிக்கப்போகும் பாடத்துக்கே உரிய கற்பித்தல் முறைகள். கணிதம் அறிந்திருப்பதும், ஒரு மாணவர் பின்னங்களைக் கூட்டும்போது மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டிவிடுவது ஏன் என்று அறிந்திருப்பதும் வெவ்வேறு அறிவுகள். இந்த இரண்டாம் வகை அறிவைத் தனியாகப் பெயரிட்டு விளக்கியவர் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன். 1980களின் நடுவில் அவர் எழுதியவை ஆசிரியர் கல்வியின் போக்கையே மாற்றின. 'பொதுவான கற்பித்தல் முறைகள்' என்ற ஒரே தாளுடன் எல்லாப் பாட ஆசிரியர்களையும் அனுப்பிவிடும் படிப்பு, இந்த அறிவை உங்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறது என்று பொருள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்புவோர், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்பிப்பது குறித்து எத்தனை வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்று கேட்க வேண்டும். வாசிப்பு தானாக மலரும் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்ட பாடத்திட்டங்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றுக்கு அடுத்து வகுப்பு மேலாண்மை, மதிப்பீடு, சிறப்புத் தேவை உள்ள மாணவர்கள், வீட்டு மொழி வேறாக உள்ள மாணவர்கள் ஆகியவை தனித்தனிப் பாடங்களாக உள்ளனவா என்று பாருங்கள்.

பள்ளி உளவியல் படிப்பில் சமநிலைதான் முக்கியம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறன் கொண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுக் கல்வியை உறுதிசெய்தபோது, யார் சிறப்புக் கல்விக்குத் தகுதியானவர் என்று தீர்மானிக்க ஏராளமான மதிப்பீடுகள் தேவைப்பட்டன. பள்ளி உளவியலாளர்களின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் அவர்கள் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகச் செல்பவர்களாகவும் சுருங்கினார்கள். அந்தச் சுருக்கத்திலிருந்து வெளியேற இத்துறை இன்றுவரை முயல்கிறது. தேசியச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டுத் தரநிலைகள் இத்தொழிலைப் பத்துத் திறன் களங்களாக வகுக்கின்றன. சோதனையும் மதிப்பீடும் அவற்றில் ஒரு பகுதி மட்டுமே.

ஆகவே பாடப்பட்டியலில் நுண்ணறிவுச் சோதனைகளுக்கு இரண்டு மூன்று தாள்கள் இருந்து, கற்றல் சிக்கலுக்கும் நடத்தைச் சிக்கலுக்கும் தீர்வு காணும் தலையீடுகளுக்கு ஒரே தாள் இருந்தால், அங்கே பழைய மரபு நீடிக்கிறது என்று கொள்ளலாம். ஒரு நல்ல படிப்பில் புள்ளியியலும் உளவியல் அளவீட்டு முறைகளும் இருக்கும். நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று பிரித்தறியும் செயல்முறை மதிப்பீடு இருக்கும். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை அளிக்கும் முறை தனித் திறனாகக் கற்பிக்கப்படும். நெருக்கடிக் காலத் தலையீடு, சட்டம், தொழில் அறம் ஆகியவையும் இடம்பெறும். சோதனை எந்த மொழியில், எந்தச் சமூகத்தை அளவாகக் கொண்டு தரப்படுத்தப்பட்டது என்ற கேள்வியைப் பாடத்திட்டம் எழுப்புகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு மொழியின் குழந்தைகளுக்காக வகுக்கப்பட்ட அளவுகோலை மற்றொரு மொழியில் வளரும் குழந்தையின் மீது அப்படியே வைத்து, அதில் கிடைக்கும் எண்ணை வைத்தே அக்குழந்தையின் படிப்பைத் தீர்மானிப்பது இத்துறையின் மிகப் பழைய தவறு.

படி 5: களப்பயிற்சியைத் துருவிக் கேளுங்கள்

இந்தப் படிக்கு ஒதுக்கும் நேரத்தை வேறு எதற்கும் மிச்சப்படுத்த வேண்டாம்.

முதலில் அளவு. இங்கிலாந்தில் பயிற்சி ஆசிரியர் பள்ளியில் குறைந்தது 120 நாட்கள் பயிற்சி பெற வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில். ஆஸ்திரேலியாவில் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கு 80 நாட்களும், இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு 60 நாட்களும் குறைந்தபட்ச அளவு. இந்தியாவின் இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளிக் களப்பணி மொத்தம் 20 வாரங்கள். இவை குறைந்தபட்ச அளவுகளே. ஒரு பல்கலைக்கழகம் அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறதா, தாண்டிச் செல்கிறதா என்பதே அதன் எண்ணத்தைச் சொல்லிவிடும்.

அடுத்து, அந்த நாட்கள் எப்போது வருகின்றன என்பது. கோட்பாடுகளை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் பள்ளிக்கு அனுப்பும் படிப்புகள் உள்ளன. அவற்றில் படிப்பவருக்கு, தான் கற்ற கோட்பாடு வகுப்பறையில் எங்கே பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு மீண்டும் விரிவுரைக்கு வந்து கேள்வி கேட்கும் வாய்ப்பு இல்லை. முதலாண்டிலிருந்தே கவனித்தல், பின்னர் சிறு குழுவுக்குக் கற்பித்தல், பின்னர் ஒரு பாடவேளை, இறுதியில் முழு வகுப்பின் பொறுப்பு எனப் படிப்படியாக ஏறும் அமைப்பே சிறந்தது. 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்நிலைக் கற்பித்தல், அதாவது சில மாணவர்களுக்குச் சில நிமிடங்கள் மட்டும் ஒரே ஒரு திறனைப் பழகும் முறை, பள்ளிக்குச் செல்லும் முன் பயன் தரும். ஆனால் சக மாணவர்களையே பள்ளிக் குழந்தைகளாக நடிக்க வைத்து நடத்தப்படும் நுண்நிலைப் பாடங்களைக் களப்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று என்றே சொல்வேன். நடிக்கும் மாணவர்கள் தவறான விடையை அழகாகச் சொல்வார்கள். உண்மையான குழந்தை ஏன் தவறுகிறது என்பதை அவர்களிடமிருந்து அறிய முடியாது.

மூன்றாவது, யார் உங்களைப் பார்க்கிறார்கள் என்பது. பல்கலைக்கழக மேற்பார்வையாளர் ஒரு பருவத்தில் எத்தனை முறை வகுப்புக்கு வருவார், வந்தால் முழுப் பாடவேளையும் அமர்ந்திருப்பாரா, அன்றே பேசி எழுத்தில் கருத்துத் தருவாரா, அவர் உங்கள் பாடத்தைக் கற்பித்த அனுபவம் உடையவரா என்று கேளுங்கள். பள்ளியில் உங்களை ஏற்கும் வழிகாட்டி ஆசிரியர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதும் முக்கியம். நல்ல ஆசிரியர் என்பதால் தேர்ந்தெடுக்கப்படுகிறாரா, அந்த ஆண்டு மறுக்காத ஒரே ஆள் என்பதாலா? பின்லாந்தின் ஆசிரியர் கல்வி பேசப்படுவதற்கு ஒரு காரணம், பல்கலைக்கழகங்களோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகளும், பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவதையே தம் பணியின் பகுதியாகக் கொண்ட அங்குள்ள ஆசிரியர்களும்தான்.

பள்ளி உளவியலில் களம் இரண்டு கட்டங்களாக வரும். படிப்புக்கு இடையே வாரத்தில் சில நாட்கள் நடக்கும் செய்முறைப் பயிற்சி முதலாவது. கடைசி ஆண்டில் முழு நேரமாக நடக்கும் இன்டர்ன்ஷிப் இரண்டாவது. மேலே சொன்ன அமெரிக்கத் தரநிலையின்படி முழு நேர இன்டர்ன்ஷிப்பில் வாரத்துக்குச் சராசரியாக இரண்டு மணி நேரமாவது மேற்பார்வை கிடைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் எப்படிச் செலவாகிறது என்பதை இப்போது அங்கே பயிலும் மாணவர்களிடம் கேளுங்கள். கோப்புகளில் கையெழுத்திடுவதில் கழிந்தால் அது மேற்பார்வை அல்ல. நீங்கள் நடத்திய சோதனையின் பதிவைப் பார்த்து, எழுதிய அறிக்கையை வரிவரியாகத் திருத்தி, பெற்றோரிடம் கடினமான செய்தியைச் சொல்லும் கூட்டத்தில் முதலில் உடனிருந்து, பின்னர் உங்களைப் பேசவிட்டுப் பார்ப்பவரே மேற்பார்வையாளர்.

இன்டர்ன்ஷிப் இடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யுமா, நீங்களே தேட வேண்டுமா, ஊதியம் உண்டா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எந்த அளவு நெருக்கடியில் உள்ள பள்ளியில் சேர்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 500 மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் என்பது தேசியச் சங்கத்தின் பரிந்துரை; நடைமுறையில் ஒருவர் அதைப் போலப் பல மடங்கு மாணவர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் இடங்கள் நிறைய. அத்தகைய இடத்தில் பயிற்சி பெறுபவர் சோதனை நடத்துவதை மட்டுமே கற்பார். தடுப்புப் பணியையும் ஆலோசனைப் பணியையும் பார்க்கவே வாய்ப்பு அமையாது.

படி 6: விளம்பர எண்களுக்குப் பின்னால் பாருங்கள்

"எங்கள் மாணவர்கள் 100 சதவீதம் தேர்ச்சி" என்ற வாசகம் பல கையேடுகளில், சிரிக்கும் குழந்தைகளின் படத்துக்கு அருகில் அச்சாகியிருக்கும். சில படிப்புகளில் உரிமத் தேர்வில் தேர்ச்சி பெற்றால்தான் இறுதிக் களப்பயிற்சிக்கே அனுமதி. அங்கே படிப்பை முடித்தவர்களில் அனைவரும் தேர்ச்சி பெற்றிருப்பது வியப்பல்ல, விதியின் விளைவு. கேட்க வேண்டியது, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் உரிமம் பெற்றுப் பணியில் சேர்ந்தார்கள், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பணியில் நீடிப்பவர்கள் எவ்வளவு என்ற மூன்று கேள்விகள். கடைசிக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைப் பட்டத்துக்குப் பின்னும் கவனிக்கிறது என்று அறியலாம்.

படி 7: காலத்தையும் பணத்தையும் கணக்கிடுங்கள்

கல்விக் கட்டணத்தைவிட, சம்பாதிக்க முடியாத மாதங்களே பலரைத் தடுமாற வைக்கின்றன. முழு நேரக் கற்பித்தல் பயிற்சி பெரும்பாலும் ஊதியமற்றது. பகலெல்லாம் பள்ளியிலும் இரவில் பாடக்குறிப்பிலும் கழியும் அந்தப் பருவத்தில் வேறு வேலை பார்ப்பது கடினம். அந்தக் காலத்துக்கான செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். உதவித்தொகைகளில் பணி நிபந்தனை உள்ளதா என்றும் படியுங்கள். அமெரிக்காவின் டீச் மானியம் இதற்கு எடுத்துக்காட்டு: பெற்றவர் எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள், தேவை மிகுந்த பாடத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களின் மாணவர்கள் படிக்கும் பள்ளியில் கற்பிக்க வேண்டும், தவறினால் மானியம் வட்டியோடு கடனாக மாறிவிடும்.

படி 8: விண்ணப்பமும் நேர்காணலும்

மதிப்பெண் ஒரு வாசலைத் திறக்கும். அதற்கு மேல் தேர்வுக் குழு பார்ப்பது அனுபவத்தை. இங்கிலாந்தின் கல்வி உளவியல் முனைவர் படிப்புகள், அங்கீகரிக்கப்பட்ட உளவியல் பட்டத்துடன், குழந்தைகளோடு பணியாற்றிய அனுபவத்தையும் நிபந்தனையாகவே கேட்கின்றன. விண்ணப்பக் கட்டுரையில் "சிறு வயது முதலே கனவு" என்று தொடங்குவதைத் தவிர்த்து, நீங்கள் கண்ட ஒரு கற்றல் சிக்கலை எடுத்து, அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள். குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ எழுத வேண்டாம். இரகசியம் காக்கத் தெரிந்தவரா என்பதை அந்தக் கட்டுரையிலேயே குழு கவனிக்கும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது, நீங்கள் குழந்தைகளோடு இருப்பதை நேரில் பார்த்த ஒருவரிடமிருந்து வரட்டும். குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், அதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேட்கலாம். களப்பயிற்சியில் தோல்வியடையும் மாணவருக்கு இங்கே என்ன நடக்கும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால், அங்கே களப்பயிற்சி உண்மையிலேயே மதிப்பிடப்படுகிறது.

படி 9: சேர்ந்த நாள் முதல் ஆவணங்களைத் திரட்டுங்கள்

ஒவ்வொரு தாளின் முழுப் பாடத்திட்டம், களப்பயிற்சி மணிகளின் பதிவு, மேற்பார்வையாளரின் கையொப்பம், அவருடைய உரிம எண், எந்த வயது மாணவர்களோடு எந்த வகைப் பணி செய்தீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை அவ்வப்போதே பெற்று ஒரே இடத்தில் வையுங்கள். பள்ளி உளவியலில் அறிக்கை மாதிரிகளையும் வைக்கலாம். பெயர், பள்ளி, பிறந்த நாள், ஊர் என அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் நீக்கிய பிறகே, அதுவும் பயிற்சி பெற்ற பள்ளியின் அனுமதியோடு மட்டும். வேறு மாநிலத்திலோ நாட்டிலோ உரிமம் கோரும்போது, மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாமல் போகலாம். ஒரு தாளில் என்ன கற்பிக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் யாருடைய மேற்பார்வையில் பணி நடந்தது என்று கேட்பார்கள். அதற்குள் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றிருக்கலாம், தாளின் பெயரும் எண்ணும் மாறியிருக்கலாம்.

வேலை தேடும்போது, முதலாண்டுத் துணையைப் பற்றியும் விசாரியுங்கள். இங்கிலாந்தில் 2021 முதல் புதிய ஆசிரியர்களுக்கான அறிமுகக் காலம் இரண்டு ஆண்டுகள். அக்காலத்தில் பாடவேளைகள் குறைக்கப்பட்டு, வழிகாட்டி ஒருவரும் நியமிக்கப்படுகிறார். இத்தகைய விதி இல்லாத இடங்களில், பணி ஆணையில் கையெழுத்திடும் முன்பே வழிகாட்டி யார், அவரைச் சந்திக்க வாரத்தில் எந்த நேரம் ஒதுக்கப்படும் என்று பள்ளியிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.